சிறுநீரகத்தை நீங்க கழுவ வேண்டாம், அது தன்னைத் தானே கழுவிக்கும்

1/
"48 மணி நேரம் தண்ணி மட்டும் குடிச்சு பட்டினி இருங்க, ஆட்டோஃபேஜி ஸ்டார்ட் ஆகி கிட்னி மொத்தமா க்ளீன் ஆயிடும், கிரியாட்டினின் தானா இறங்கிடும்." இந்த மாதிரி ஒரு வீடியோ உங்க வாட்ஸ்அப் குடும்பக் குழுவுக்கும் வந்திருக்கும். ஓ.பி.யில் அடிக்கடி யாராவது இதைப் பற்றிக் கேட்கிறாங்க. ரெண்டு வரியில் பதில் சொல்ல முடியாத விஷயம். அதனால கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

2/
என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஆட்டோஃபேஜி உண்மையான விஷயம். நம்ம சிறுநீரக செல்கள் உயிரோட இருக்கிறதுக்கு அது முக்கியமான காரணம். ஆனா அந்தப் பெயரைச் சொல்லி "கிட்னி க்ளீனிங்"னு விற்கப்படுற பட்டினிக்கும் ஜூஸுக்கும் ஆதாரம் கிடையாது. சர்க்கரை நோய் இருக்கிறவங்களுக்கும், ஏற்கனவே கிட்னி பாதிச்சவங்களுக்கும் அது நேரடியான ஆபத்து. எப்படின்னு ஒவ்வொன்னா பார்ப்போம்.

3/
முதல்ல சிறுநீரகம் என்ன வேலை செய்யுதுன்னு பாருங்க. ரெண்டு கிட்னியும் சேர்த்தா நம்ம உடல் எடையில் அரை சதவீதம்கூட வராது. ஆனா இதயம் ஒவ்வொரு நிமிஷமும் அனுப்புற ரத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அங்கதான் போகுது. ஒரு கிட்னிக்கு சுமார் 10 லட்சம் நெஃப்ரான். எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுது.

4/
180 லிட்டர்! நாம கழிக்கிறது ஒன்றரை, ரெண்டு லிட்டர்தான். மீதி எங்க போச்சு? நெஃப்ரானோட நுண்குழாய்கள் தண்ணி, உப்பு, குளுக்கோஸ், அமினோ அமிலம்னு ஒன்னு விடாம பொறுக்கி எடுத்து ரத்தத்துக்கே திருப்பிக் கொடுத்துடுது. இதுக்கு ஏகப்பட்ட எனர்ஜி வேணும். அதனால நுண்குழாய் செல்களுக்குள்ள மைட்டோகாண்ட்ரியா, அதாவது செல்லோட பவர் ஹவுஸ், நெருக்கியடிச்சுக்கிட்டு இருக்கும்.

5/
24 மணி நேரமும் ஓடுற ஃபாக்டரியில் கழிவு வராம இருக்குமா? மைட்டோகாண்ட்ரியா தேயும், உடையும். உடைஞ்ச மைட்டோகாண்ட்ரியா சும்மா கிடக்காது. புகை கக்குற பழைய லாரி மாதிரி செல்லைக் காயப்படுத்துற ரசாயனங்களைக் கக்கிக்கிட்டே இருக்கும். மடிப்பு தப்பிப்போன புரதங்களும் கட்டி கட்டியா சேரும். இதையெல்லாம் யாராவது அள்ளணும் இல்லையா?

6/
அந்த அள்ளுற வேலைக்குப் பெயர்தான் ஆட்டோஃபேஜி. கிரேக்கத்தில் "தன்னைத் தானே தின்பது"ன்னு அர்த்தம். செல்லுக்குள்ள ஒரு சவ்வு உருவாகி, பழுதான பொருளைச் சுற்றி வளைச்சு, பை மாதிரி மூடிக்கும். அந்தப் பை லைசோசோமோட போய்ச் சேரும். லைசோசோம் ஞாபகம் இருக்கா? ஸ்கூல் அறிவியல் பாடத்தில் "தற்கொலைப் பை"ன்னு படிச்சிருப்போம்.

7/
அந்தப் பெயர் லைசோசோமுக்கு நியாயமா இல்லைன்னு எனக்கு எப்பவும் தோணும். அதுக்குள்ள இருக்கிற நொதிகள் குப்பையைச் சிறு சிறு துண்டா உடைச்சு, அமினோ அமிலமாவும் கொழுப்பாவும் திருப்பி செல்லுக்கே கொடுக்குது. செல் அதை வைத்து புது புரதம் கட்டும், எனர்ஜியும் எடுத்துக்கும். நம்ம வீட்டுக் காய்கறிக் கழிவு உரமா மாறி தோட்டத்துக்கே திரும்பி வர்ற மாதிரி. நாள் முழுக்க நம்மை உயிரோட வைக்கிற வேலை இது.

8/
கொஞ்சம் வரலாறு. 1957ல் சாம் கிளார்க் என்ற விஞ்ஞானி, பிறந்த சுண்டெலிக் குட்டிகளோட சிறுநீரக செல்களை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். சில பைகளுக்குள்ள மைட்டோகாண்ட்ரியா சிக்கியிருந்தது. அது என்னன்னு அப்போ முழுசா புரியல. இன்னைக்குத் திரும்பிப் பார்த்தா, ஆட்டோஃபேஜி கண்ணுக்குப் பட்ட ஆரம்ப காலக் காட்சிகளில் அதுவும் ஒன்னு. கவனிங்க, அந்தக் காட்சி கிடைச்சது கிட்னி செல்லில்.

9/
லைசோசோமைக் கண்டுபிடிச்ச பெல்ஜிய விஞ்ஞானி கிறிஸ்டியன் டி டூவ், 1963ல் இதுக்கு ஆட்டோஃபேஜின்னு பெயர் வைத்தார். லைசோசோம் உள்ளிட்ட செல் ஆய்வுகளுக்காக 1974ல் நோபல் பரிசைப் பகிர்ந்துக்கிட்டார். அப்புறம் ரொம்ப வருஷம் இந்தத் துறை அமைதியாவே கிடந்தது. காரணம், இதை இயக்குற ஜீன்கள் எதுன்னு யாருக்கும் தெரியல.

10/
அந்தப் பூட்டைத் திறந்தவர் ஜப்பானைச் சேர்ந்த யோஷினோரி ஓசுமி. அவர் எடுத்துக்கிட்டது பேக்கரியில் பன் உப்ப வைக்கிற சாதாரண ஈஸ்ட். அதைப் பட்டினி போட்டு, உள்ள என்ன நடக்குதுன்னு பார்த்தார். 1990களின் தொடக்கத்தில் ஆட்டோஃபேஜிக்குத் தேவையான ஜீன்களை வரிசையா கண்டுபிடிச்சார். 2016ல் அவருக்கு மருத்துவ நோபல். "பட்டினி இருந்தா ஆட்டோஃபேஜி"ன்னு வர்ற வீடியோ எல்லாத்துக்கும் மூலக்கதை இந்த ஈஸ்ட்தான்.

11/
இப்போ கிட்னிக்கு வருவோம். ரெண்டு வகை செல்களை மட்டும் தெரிஞ்சுக்கிட்டா போதும்.

முதலாவது, போடோசைட். வடிகட்டியோட வெளிப்பக்கத்தில் ஆக்டோபஸ் மாதிரி கால்களைப் பரப்பி உட்கார்ந்திருக்கும். ரத்தத்தில் இருக்கிற புரதம் சிறுநீரில் ஒழுகாம பார்த்துக்கிற காவல்காரர். இவர்கிட்ட ஒரு பெரிய பலவீனம் உண்டு. வளர்ந்த போடோசைட்டால் இரண்டாகப் பிரிஞ்சு புது செல் உருவாக்க முடியாது.

12/
தோல் செல் செத்தா பக்கத்து செல் பிரிஞ்சு அந்த இடத்தை நிரப்பிடும். போடோசைட் செத்தா அந்த இடம் பெரும்பாலும் காலிதான். அப்போ இருக்கிற செல்லைப் பழுது பார்த்துப் பழுது பார்த்து வருஷக்கணக்கா ஓட்டியாகணும். அதனாலதான் போடோசைட்டுக்குள்ள எந்த நோயும் இல்லாத நாளிலும் ஆட்டோஃபேஜி ஜரூரா நடந்துக்கிட்டே இருக்கு. அதுக்குப் பட்டினி தேவைப்படறதே இல்ல.

13/
இது எப்படித் தெரியும்? 2010ல் வெளிவந்த ஒரு ஆய்வில், சுண்டெலிகளோட போடோசைட்டில் மட்டும் ஆட்டோஃபேஜிக்குத் தேவையான ஒரு ஜீனை நீக்கினாங்க. வயசாக வயசாக அந்த எலிகளுக்குச் சிறுநீரில் புரதம் ஒழுக ஆரம்பிச்சது. செல்லுக்குள்ள குப்பை தேங்குச்சு. வடிகட்டிகள் தழும்பாகி மூடிக்கிச்சு. குப்பை வண்டி வராத தெரு எப்படி ஆகுமோ, அப்படியே.

14/
இரண்டாவது, நான் மேல சொன்ன நுண்குழாய் செல். 2011ல் இதே மாதிரி நுண்குழாய் செல்களில் ஜீனை நீக்கிப் பார்த்தாங்க. வயசாகும்போது மைட்டோகாண்ட்ரியா உருக்குலைஞ்சது. கிட்னிக்கு ரத்த ஓட்டத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தித் திறந்தா, சாதாரண எலியைவிட இந்த எலிகளுக்கு சேதம் அதிகம். சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து கொடுத்துப் பார்த்தப்பவும் இதே கதைதான்.

15/
ஆக, ஆட்டோஃபேஜி இருந்தா கிட்னி அடியைத் தாங்கும், இல்லன்னா சீக்கிரம் விழும். இதுவரைக்கும் வீடியோக்காரங்களும் நானும் ஒரே பக்கம்தான். இனிமேதான் பாதை பிரியுது.

நான் கேட்கிற கேள்வி இது: இவ்வளவு நல்ல துப்புரவு வேலை தானா நடந்துக்கிட்டு இருந்தா, அப்புறம் ஏன் நம்ம ஊர்ல இத்தனை பேருக்கு கிட்னி கெடுது? அந்த வேலையைக் கெடுக்கிறது யாரு?

16/
செல்லுக்குள்ள எம்டார்னு ஒரு புரதம் இருக்கு. மேனேஜர் மாதிரி. சாப்பாடு நிறைய வந்தா, இன்சுலின் ஏறினா, எம்டார் "கட்டு கட்டு, வளரு வளரு"ன்னு உத்தரவு போடும். துப்புரவு வேலையை நிறுத்தி வைக்கும். சாப்பாடு குறைஞ்சா எம்டார் அடங்கும், ஏஎம்பிகே என்ற இன்னொரு மேனேஜர் எழுந்து "இருக்கிறதைப் பிரிச்சு எடு"ன்னு துப்புரவை ஆரம்பிப்பார். பகலில் சாப்பிட்டு ராத்திரி தூங்குற மனுஷனுக்கு இது மாறி மாறி நடக்கணும்.

17/
சர்க்கரை நோயில் என்ன ஆகுது? மேனேஜர் எம்டார் ஷிஃப்ட் முடிஞ்சும் வீட்டுக்குப் போறதே இல்ல. 2011ல் வந்த ஆய்வுகளில், சுண்டெலியோட போடோசைட்டில் எம்டாரை மட்டும் எப்பவும் வேலை செய்ற மாதிரி மாத்தினாங்க. சர்க்கரை நோயே இல்லாத அந்த எலிகளுக்கு, சர்க்கரை நோயாளியோட கிட்னியில் பார்க்கிற மாதிரியான பாதிப்பு வந்தது.

18/
உடல் பருமனில் வேற மாதிரி சிக்கல். அதிகக் கொழுப்பு சாப்பாடு கொடுத்த சுண்டெலிகளோட நுண்குழாய் செல்லில் லைசோசோமே நிரம்பி வழியுது. குப்பை அள்ளுற வண்டி ஓடுது, ஆனா கொட்டுற இடத்தில் இடம் இல்ல. கொடுங்கையூர், பெருங்குடி குப்பை மேட்டைப் பார்த்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வண்டி எண்ணிக்கையைக் கூட்டினா மட்டும் ஊர் சுத்தமாகாது. வர்ற குப்பையைக் குறைக்கணும்.

19/
இதுதான் இந்த இழையோட மையமான விஷயம். சிறுநீரகத்துக்குள்ள துப்புரவு ஆள் ஏற்கனவே இருக்காங்க. நாம புதுசா ஆள் அனுப்பத் தேவையில்ல. கட்டுப்பாடில்லாத சுகர், ஏறிப்போன பிரஷர், கூடுதல் எடை, கண்ட வலி மாத்திரை. இதெல்லாம்தான் அவங்க வேலையைக் கெடுக்குது. கெடுக்கிறதை நிறுத்தினா போதும்.

20/
"சரி டாக்டர், பட்டினி இருந்தா எம்டார் அடங்கும்னு நீங்களே சொன்னீங்க. அப்போ 2 நாள் பட்டினி இருந்தா நல்லதுதானே?"

நியாயமான கேள்வி. இதில் மூணு ஓட்டை இருக்கு.

21/
ஓட்டை ஒன்னு: எலி வேற, மனுஷன் வேற. சுண்டெலியோட வளர்சிதை மாற்றம் படு வேகம். ஒரு நாள் முழுக்கச் சாப்பாடு இல்லன்னா அதோட எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல குறைஞ்சிடும். 70 கிலோ மனுஷன் ஒரே நாளில் 7 கிலோ இழக்கிற கணக்கு. எலிக்கு 24 மணி நேரத்தில் நடக்கிறது நமக்கும் 24 மணி நேரத்தில் நடக்கும்னு சொல்றது வெறும் ஊகம்.

22/
ஓட்டை ரெண்டு: அளக்க வழி இல்ல. உங்க கிட்னியில் ஆட்டோஃபேஜி கூடியிருக்கா, குறைஞ்சிருக்கான்னு சொல்ற ரத்தப் பரிசோதனை எதுவும் இன்னைக்கு லேபில் கிடையாது. "16வது மணி நேரத்தில் ஆரம்பிக்கும், 48ல் உச்சம், 72ல் ஸ்டெம் செல்"னு மணிக்கணக்கு போட்டு அட்டவணை வருதே, உங்க கிட்னியைப் பார்த்து யாரும் அதை எழுதல.

23/
ஓட்டை மூணு: அதிகம் எல்லாம் நல்லதில்ல. இதுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு. பசிபிக் கடலில் ஈஸ்டர் தீவு, அந்த ஊர்க்காரங்க வைத்த பெயர் ராப்பா நூயி. அந்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்த மருந்துக்கு ராபமைசின்னு பெயர். எம்டார் என்ற பெயரே இந்த மருந்திலிருந்து வந்ததுதான். இது எம்டாரை அடக்கும், ஆட்டோஃபேஜியைத் தூண்டும்.

24/
அப்போ கிட்னிக்கு இதுதானே அமிர்தம்? கிட்னி மாற்று அறுவை சிகிச்சை செஞ்சவங்களுக்கு உடல் அந்தக் கிட்னியை நிராகரிக்காம இருக்க இதைக் கொடுக்கிறோம். ஆனா அதில் சிலருக்கு சிறுநீரில் புரதம் ஒழுகறது கூடுது. பரம்பரையா வர்ற நீர்க்கட்டிக் கிட்னி நோய்க்கு இந்த வகை மருந்துகளைக் கொடுத்துப் பார்த்த ரெண்டு ஆய்வுகள் 2010ல் வந்தது. கிட்னி செயல்பாடு குறையறதை மருந்து தடுக்கல.

25/
ராபமைசின் ஆட்டோஃபேஜியை மட்டும் தொடுற மருந்து இல்லங்கிறது உண்மை. எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும், செல் வளர்ச்சியையும் நிறுத்தும். ஆனா பாடம் அதேதான். சில எலி ஆய்வுகளில், அடிபட்ட பிறகும் ஆட்டோஃபேஜி நீண்ட நாள் ஓஞ்சு போகாம ஓடினா, கிட்னியில் தழும்பு கூடினதையும் பார்த்திருக்காங்க. எப்போ, எந்த செல்லில், எவ்வளவுங்கிறதுதான் கணக்கு. அந்த ஸ்விட்ச் நம்ம கையில் இல்ல.

26/
இப்போ ஆபத்துக்கு வருவோம். ஆதாரம் இல்லன்னா பரவாயில்ல, முயற்சி பண்ணிப் பார்க்கலாமேன்னு தோணும். யாருக்கெல்லாம் கூடாதுன்னு தயவுசெய்து கவனமா படிங்க.

இன்சுலின் போடறவங்க, கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை எடுக்கிறவங்க: சாப்பிடாம இருந்தா சுகர் அபாயகரமா இறங்கும். கிட்னி பாதிச்சவங்களுக்கு இந்த மருந்துகள் உடம்பை விட்டு வெளியேற நேரமாகும். அதனால லோ சுகர் அவங்களுக்கு இன்னும் கடுமையா, இன்னும் நீளமா வரும்.

27/
டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் எடுக்கிறவங்க: உங்க மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்க, "கிளிஃப்ளோசின்"னு முடியுதா? இதைச் சாப்பிட்டுக்கிட்டே நீண்ட பட்டினி இருந்தா ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறி கீட்டோஅசிடோசிஸ் வரலாம். இதில் மோசம் என்னன்னா, மீட்டரில் சுகர் 180, 200ன்னுதான் காட்டும். "சுகர் பரவாயில்லையே"ன்னு வீட்டிலேயே இருந்துடுவாங்க. வாந்தி, வயித்துவலி, மூச்சிரைப்பு வந்தா உடனே எமர்ஜென்சிக்குப் போங்க.

28/
பிரஷருக்கு டெல்மிசார்டன், ராமிபிரில், கூடவே நீர் மாத்திரை எடுக்கிறவங்க: "ட்ரை ஃபாஸ்டிங்"னு தண்ணியும் குடிக்காம இருந்தா உடம்பு வறண்டு பிரஷர் விழும், கிட்னிக்கு ரத்தம் குறையும். பட்டினியில் தலைவலி வருதுன்னு அதுக்கு மேல ஒரு டைக்ளோஃபினாக் போட்டா முடிஞ்சது. நல்லா இருந்த கிட்னிகூட ஒரே வாரத்தில் படுக்கும். இதே மாத்திரைகள் சாதாரண நாளில் கிட்னியைக் காப்பாத்துற மருந்துகள்தான். அதனால பயந்து நீங்களா நிறுத்தவும் கூடாது.

29/
அடுத்தது "டீடாக்ஸ் ஜூஸ்". கேரளத்தில் இரும்பன் புளின்னு சொல்ற பிலிம்பிக் காய். கொலஸ்ட்ரால் குறையும்னு நம்பி அதைப் பச்சையா பிழிஞ்சு குடிச்சவங்களுக்குத் திடீர் சிறுநீரகச் செயலிழப்பு வந்ததை அங்குள்ள மருத்துவர்கள் பதிவு பண்ணியிருக்காங்க. காரணம் ஆக்ஸலேட். அது நுண்குழாய்க்குள்ள படிகமா உறைஞ்சு அடைச்சுக்கும். பசலைக்கீரையை தினமும் கட்டுக் கட்டா பச்சையா அரைச்சுக் குடிக்கிற க்ரீன் ஜூஸிலும் இதே ஆபத்து உண்டு.

30/
நட்சத்திரப் பழம்: கிட்னி பழுதானவங்க இதைத் தொடவே கூடாது. நிற்காத விக்கல், மனக் குழப்பம், வலிப்பு, உயிரிழப்பு வரைக்கும் போகும். இளநீர், பழ ஜூஸ்: நல்ல கிட்னிக்கு நல்லது. கிட்னி பாதிச்சு பொட்டாசியம் ஏற்கனவே ஏறியிருக்கிறவங்களுக்கு இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடியது. "இயற்கைதானே"ன்னு சொல்லாதீங்க. அரளி விதையும் இயற்கைதான்.

31/
சரி, ஆட்டோஃபேஜி அறிவியலால் நோயாளிக்கு ஒரு பயனும் இல்லையா? இருக்கலாம். அதுவும் நான் மேல எச்சரிச்ச அதே "கிளிஃப்ளோசின்" மாத்திரைகள் வழியா. இவை நுண்குழாய் குளுக்கோஸைத் திருப்பி எடுக்கிறதைத் தடுத்து, சிறுநீரில் வெளியே அனுப்பிடும். கொஞ்சம் கலோரி தினமும் போயிடறதால உடம்புக்கு லேசா பட்டினி இருக்கிற மாதிரி ஒரு நிலை. எம்டார் அடங்குது, ஆட்டோஃபேஜி கூடுதுன்னு எலி ஆய்வுகள் சொல்லுது. மனுஷங்களில் பலன் வர்றது இதனாலதான்னு இன்னும் நிரூபணம் ஆகல.

32/
ஆனா பலன் நிரூபணம் ஆயிடுச்சு. 2020ல் வெளிவந்த டாபா-சிகேடி ஆய்வில் 4,304 பேர். சர்க்கரை நோய் உள்ளவங்களும் இல்லாதவங்களும். கிட்னி செயல்பாடு பாதிக்கு மேல விழறது, டயாலிசிஸ் நிலைக்குப் போறது, கிட்னி அல்லது இதய நோயால் இறப்பு, இதில் ஏதாவது ஒன்னு நடந்தது எத்தனை பேருக்குன்னு பார்த்தாங்க. போலி மாத்திரை எடுத்தவங்களில் 14.5 சதவீதம். டாபாகிளிஃப்ளோசின் எடுத்தவங்களில் 9.2 சதவீதம். சுமார் இரண்டரை வருஷத்தில்.

33/
கானாகிளிஃப்ளோசினுக்கு 2019ல் வந்த கிரெடன்ஸ் ஆய்வு, எம்பாகிளிஃப்ளோசினுக்கு 2022ல் வந்த எம்பா-கிட்னி ஆய்வு, ரெண்டும் இதே திசையில்தான் பேசுது. டாபாகிளிஃப்ளோசினுக்கு இந்தியாவில் 2020லேயே காப்புரிமை முடிஞ்சு விலை நல்லா இறங்கிடுச்சு. யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாதுன்னு உங்க மருத்துவர் பார்த்து முடிவு பண்ணணும். மெடிக்கலில் நீங்களா வாங்கிப் போடாதீங்க.

34/
"கம்பெனிக்காரனுக்கு சப்போர்ட் பண்றீங்க"ன்னு கமெண்ட் வரும். வரட்டும். ஆயிரக்கணக்கான மனுஷங்களை ரெண்டு அணியாப் பிரிச்சு, வருஷக்கணக்கா பின்தொடர்ந்து, யாருக்கு டயாலிசிஸ் வந்துச்சுன்னு எண்ணிப் பார்த்த கணக்கு ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஈஸ்ட்டிலும் எலியிலும் பார்த்ததை நேரா நம்ம தட்டுக்கு இழுத்துட்டு வர்ற வீடியோ. பட்டினிக்கும் இதே மாதிரி கணக்கு வந்தா, நானே முதல் ஆளா எழுதுவேன்.

35/
"ஏகாதசி, ரமலான் நோன்பு, தவக்காலம் எல்லாம் தப்பா டாக்டர்?" அப்படி நான் சொல்லவே இல்ல. நம்பிக்கைக்காக இருக்கிற விரதம் வேற, கிட்னி சரியாகும்னு மாத்திரையை நிறுத்திட்டு இருக்கிற பட்டினி வேற. நோன்பு இருக்கணும்னா சில வாரம் முன்னாடியே மருத்துவரைப் பாருங்க. மாத்திரை நேரம், அளவு மாத்தணும். சிலருக்கு மட்டும் "உங்களுக்கு வேண்டாம்"னு சொல்ல வேண்டி வரும். அப்போ வருத்தப்படாம கேட்டுக்கோங்க.

36/
எந்த நோயும் மாத்திரையும் இல்லாத ஆரோக்கியமான ஆள், ராத்திரி 8 மணிக்குச் சாப்பாட்டை முடிச்சு காலையில் 8 மணிக்குச் சாப்பிடறார்னா தாராளமா செய்யட்டும். எடை குறைஞ்சா, சுகர் வராம தள்ளிப்போனா, அது கிட்னிக்கும் நல்லதுதான். நம்ம பாட்டி தாத்தா பெயர் வைக்காமலேயே செஞ்சது அது. நடைப்பயிற்சியும் அப்படியே. உடற்பயிற்சி ஆட்டோஃபேஜியைத் தூண்டுறதை 2012லேயே எலிகளில் காட்டியிருக்காங்க. ஆனா அதை யாரும் பேக்கேஜ் போட்டு விற்க முடியல, அதனால வீடியோவும் வரல.

37/
அப்போ என்னதான் பண்ணணும்? சொல்றேன்.

• சுகர், பிரஷர் ரெண்டையும் கட்டுக்குள்ள வைங்க. பிரஷர் பலருக்கும் 130/80க்குக் கீழ.
• உப்பு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள்ள. ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் ஸ்நாக்ஸ் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி.
• மூட்டுவலி, முதுகுவலிக்கு மருத்துவர் சீட்டு இல்லாம வாரக்கணக்கில் வலி மாத்திரை வேண்டாம்.
• வெயிலில் வேலை பார்க்கிறவங்க தாகம் வரும்வரை காத்திருக்காம தண்ணி குடிங்க. கிட்னி, இதய நோய் இருந்தா அளவை மருத்துவர் சொல்வார்.
• புகை, கண்டிப்பா வேண்டாம்.

38/
கடைசியா, ஆனா ரொம்ப முக்கியமா: வருஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு பரிசோதனை. ரத்தத்தில் கிரியாட்டினின், அதிலிருந்து கணக்கிடற இஜிஎஃப்ஆர். சிறுநீரில் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம். சர்க்கரை, ரத்த அழுத்தம், குடும்பத்தில் கிட்னி நோய், இதில் ஒன்னு இருந்தாலும் கட்டாயம்.

ஏன் சிறுநீர்ப் பரிசோதனை? கிட்னி பாதி செயல் இழக்கும்வரை கிரியாட்டினின் நார்மலாவே காட்டலாம். வலியும் இருக்காது. ஆனா போடோசைட் காவல்காரர் தளர்ந்த உடனே ஆல்புமின் ஒழுக ஆரம்பிச்சிடும்.

39/
அந்த விகிதம் 30க்குக் கீழ இருந்தா நிம்மதி. 30 முதல் 300 வரை இருந்தா இன்னும் நிறைய செய்ய முடியும். இந்தக் கட்டத்தில் பிடிச்சா மருந்துகள் நல்லா வேலை செய்யுது, டயாலிசிஸை வருஷக்கணக்கா தள்ளிப்போட முடியுது. நம்ம ஊர்ல "சுகர் எவ்வளவு?"ன்னு கேட்டா டக்குன்னு பதில் வருது. "யூரின் ஆல்புமின் எவ்வளவு?"ன்னு கேட்டா பத்து வருஷமா சுகர் இருக்கிறவங்களும் முழிக்கிறாங்க. என்னைக் கேட்டா, மாத்தவேண்டிய முதல் விஷயம் இதுதான்.

40/
ஒருத்தர் உங்களை 48 மணி நேரப் பட்டினிக்குக் கூப்பிட்டா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "என் கிரியாட்டினின் எவ்வளவு, நான் என்ன மாத்திரை எடுக்கிறேன்னு தெரியுமா?" தெரியாதுன்னா, அவர் சொல்றது உங்களுக்கான ஆலோசனை இல்ல.

உங்க சிறுநீரகம் இந்த நிமிஷமும் தன்னைத் தானே சுத்தம் பண்ணிக்கிட்டுதான் இருக்கு. அந்த வேலையைக் கெடுக்காம இருப்போம். வீட்ல சுகர், பிரஷர் இருக்கிறவங்களுக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க. இந்த வாரமே யூரின் ஆல்புமின் டெஸ்ட் எழுதித் தரச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்க. சந்தேகம் இருந்தா கமெண்ட்டில் எழுதுங்க, நேரம் கிடைக்கும்போது பதில் சொல்றேன்.